ஆசானின்றிப் பயின்ற சிற்பி
லக்கி சேனநாயக்கவின் கலையும் எமது ஊவாவும்

ஏகலைவன் கதையை எமது கல்லூரியின் கீழ்வகுப்பு மாணவனும் அறிவான். வேட்டுவர் குலத்துப் பிறந்த காரணத்தால் துரோணரால் மறுக்கப்பட்டவன். வனத்திடையே தனித்திருந்து வில்வித்தையில் அருச்சுனனும் நாணத்தக்க தேர்ச்சி பெற்றவன். குருதட்சணையாக வலக்கைப் பெருவிரலைக் கொடுத்தவன். இவையெல்லாம் நாம் பலகாற் கேட்டவையே. ஆயினும் அக்கதையில் ஒரு செய்தியை நாம் பெரும்பாலும் கவனியாது விடுகின்றோம். வில்லைத் தொடுமுன் அவன் செய்த முதற் காரியம் யாது? களிமண்ணைப் பிசைந்து தன் ஆசானின் உருவத்தைச் செய்தான். அதனையும் அவனுக்கு எவரும் கற்பித்ததாகக் கதை கூறவில்லை. எனவே, தானே பயின்ற வில்லாளியாகுமுன் அவன் தானே பயின்ற சிற்பியாயினான் என்று கூறுதல் தகும்.

கல்லூரியொன்றின் விழா மலரில், கல்லூரியிற் பயிலாமலே கலைஞரான ஒருவரைப் பற்றி எழுதப் புகுவது பொருத்தமோ என வாசகர் வினவக்கூடும். பொருத்தமே என்பது எமது துணிபு. எமது பழைய மாணவருள் வைத்தியர் உளர், ஆசிரியர் உளர், எழுதுவினைஞரும் வணிகரும் பலர் உளர். அவர்களது சிறப்பினை இம்மலரின் பிற பக்கங்கள் கூறும். பரீட்சையின் வாயிலாக வெளிப்படாத ஆற்றலும் உலகில் உண்டென்பதையும், அதனை இனங்காணுதல் கல்வி நிலையத்தின் கடமைகளுள் ஒன்றென்பதையும் நினைவூட்டுவதற்கு இத்தகைய விழாவினும் ஏற்ற தருணம் வேறில்லை. அதற்கு உதாரணமாக நாம் எடுத்துக்கொள்பவர் லக்கி சேனநாயக்க. 1937 ஆம் ஆண்டிற் பிறந்து 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் மறைந்த இவர், சிற்பத்தை எந்தக் கலாசாலையிலும் முறையாகப் பயின்றவரல்லர். எனினும், எமது ஊவா மாகாணத்திலே நிகழ்ந்த பெரும்போரொன்றைச் சிற்பமாக்கி நிலைநிறுத்தியவர் இவரே. இவ்வொன்றே இவரை எமக்கு உறவாக்கப் போதியதாகும்.

ஊவாவின் கல்லும் சிற்பமும்

சிற்பம் எமது மாகாணத்திற்குப் புதியதன்று. பதுளையிலிருந்து பண்டாரவளைக்குச் செல்லும் வழியிலே தோவ என்னும் இடத்திற் பாறையிற் செதுக்கப்பட்ட புத்தர் திருவுருவத்தைக் கண்டோர் எம்முட் பலர். ஏறக்குறைய 38 அடி உயரமுள்ள அவ்வுருவம் முற்றுப்பெறாதது. உளி ஏன் இடையில் நின்றதென்பதைப் பாறை கூறுவதில்லை. மலையிறங்கி வெல்லவாயவை அடைந்தால், அதற்கப்பால் வனத்தினுள்ளே புதுருவகலப் பாறை நிற்கின்றது. நடுவில் 51 அடி உயரமுள்ள புத்தரும், இருமருங்கும் போதிசத்துவர் முதலானோருமாக ஏழு உருவங்கள் அதிற் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஒன்பதாம் அல்லது பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவையென ஆராய்ச்சியாளர் கருதும் இவை, மகாயான சமயம் இந்நாட்டிற் பரவியிருந்தமைக்குச் சான்று பகர்கின்றன.

இவ்விரண்டிடத்தும் செதுக்கிய கைகளின் பெயரை எவரும் அறியார். எமது சைவக் கோயில்களின் சிற்பங்களும் அவ்வாறே. ஆனால், அக்கைகள் தாமே பயின்றவையல்ல. தந்தையிடம் மைந்தனும் குருவிடம் சீடனுமாக, பரம்பரை பரம்பரையாகக் கற்றவை. ஸ்தபதி உருவொன்றை வடிக்கத் தொடங்குமுன் தாலம் என்னும் அளவை வகுத்துக்கொள்வார். முகத்தின் நீளமே தாலம். உச்சி முதல் உள்ளங்கால் வரை அத்தாலத்தின் மடங்குகளாக உடல் பிரிக்கப்படும். நவதாலத்தில் 108 அங்குலமும், சிவன், திருமால் முதலிய பெருந்தெய்வங்கட்குரிய உத்தம தசதாலத்தில் 124 அங்குலமும் கணக்காம். இவ்வங்குலம் கடைகளில் விற்கும் அளவுகோலின் அங்குலமன்று. உருவத்தின் உயரத்திலிருந்தே பெறப்படுவது. உலோகத் திருமேனியாயின், முதலில் மெழுகில் உருச்செய்து, மேலே மண்பூசி, சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகக் குழம்பை வார்ப்பர். இறுதியிற் கண்திறத்தல். ஒவ்வொரு படிக்கும் விதியுண்டு. விதியைப் பயிற்றுவிக்கும் ஆசானும் உண்டு. இக்கல்வி அருகிப்போகாது காக்கும் நோக்குடனேயே 1957 இல் மாமல்லபுரத்திற் சிற்பப் பயிற்சி நிலையம் அமைக்கப்பட்டது.

இதற்கு நேர்மாறானது தானே பயின்ற சிற்பியின் நிலை. அவனுக்குத் தாலமில்லை, சாத்திரமில்லை, தவறினாற் திருத்துவாருமில்லை. அவனுக்கு விதியாக அமைவது யாது? இவ்வினாவுக்கு லக்கி சேனநாயக்கவின் வாழ்வு தெளிவான விடையளிக்கின்றது.

வரைபலகையின் முன்னே

இவரது பெற்றோர் இடதுசாரி அரசியலில் ஈடுபட்டவர்கள். அன்னையார் புளோரன்ஸ் சேனநாயக்க, 1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் லங்கா சமசமாஜக் கட்சியின் சார்பில் பாராளுமன்றத்திற்குத் தெரிவான பெண்மணி. அப்பாராளுமன்றத்தை மலைநாட்டுத் தமிழர் மறத்தல் இயலாது. தோட்டத் தொழிலாளரின் வாக்கினால் இலங்கை இந்தியன் காங்கிரசின் உறுப்பினர் எழுவர் அமர்ந்த சபை அது. அடுத்த ஆண்டிலே, 1948 இல், பிரஜாவுரிமைச் சட்டத்தினால் அவ்வாக்காளரை நாடற்றோராக்கிய சபையும் அதுவே. அச்சட்டத்தை எதிர்த்து நின்ற கட்சிகளுள் சமசமாஜக் கட்சியும் ஒன்று. மகனுக்குச் சிற்பத்தைக் கற்பித்தது அரசியல் என நாம் கூறவில்லை. ஆயினும், பெரும்பான்மையோர் செல்லும் வழியில் தாமும் செல்லவேண்டியதில்லை என்னும் துணிவு அவ்வில்லத்திற் குறைவாயிருந்திருக்க முடியாது.

இளமையில் இவர் கொழும்பிலே எட்வேர்ட்ஸ், றீட் அன்ட் பெக் என்னும் கட்டடக்கலை நிறுவனத்திற் படம்வரைஞராக அமர்ந்தார். ஜெப்ரி பாவா என்னும் பேர்பெற்ற கட்டடக் கலைஞரின் நிறுவனம் அது. படம்வரைஞரின் வேலை யாதெனிற் கட்டடமொன்றின் சுவர், கூரை, படி, சாளரம் அனைத்தையும் அளவு தவறாது கோட்டில் அமைத்தல். பலருக்கு அது வயிற்றுப்பாட்டுக்கான தொழில். இவருக்கோ அதுவே கலாசாலையாயிற்று. மரம் வெட்டப்படாது நிற்கவேண்டிய நிலத்தில் அம்மரத்தின் ஒவ்வொரு கிளையையும் இலையையும் வரைபடத்திற் காட்டும் வழக்கம் அவ்வலுவலகத்தில் வளர்ந்தது. அதனை வளர்த்த கைகளுள் இவரது கை முதன்மையானது. பழைய விகாரைகள், அம்பலங்கள், வளவுகள், கோயில்கள் முதலியவற்றை நேரிற் சென்று அளந்து வரையும் பணியிலும் பார்பரா சன்சோனி முதலியோருடன் இவர் பங்குகொண்டார். அப்பணியின் பயன் 1998 இல் நூலாகவும் வெளிவந்தது.

இதற்கிடையே ஏனா டி சில்வா அம்மையாருடனும் அவர் மைந்தர் அனில் ஜயசூரியவுடனும் சேர்ந்து பத்திக் துணிகளை உருவாக்கினார். மெழுகு பூசிய இடத்தைச் சாயம் பற்றாது. எனவே பத்திக் கலைஞன் வண்ணம் இருக்கவேண்டிய இடத்தையன்றி, இல்லாதிருக்கவேண்டிய இடத்தை முதலிற் சிந்தித்தல் வேண்டும். வெற்றிடத்தையும் உருவாகக் காணும் இப்பழக்கம் பின்னர் உலோகத்திற் சிற்பஞ் செய்தபோது இவருக்குப் பெரிதும் உதவிற்று எனக் கருதுகின்றோம். இவரது சிற்பங்கள் கற்பாறையைப்போற் கனத்து நிற்பனவல்ல. காற்றிற் கோடு கிழித்தாற்போல் இருப்பவை. கல்லிலிருந்து சிற்பத்திற்கு வந்தவரல்லர் இவர், கோட்டிலிருந்து வந்தவர்.

ஆந்தையும் பனையும் நாணயத் தாளும்

இவரது கலையின் முதற்பொருள் இயற்கை. 1970 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திற் தலைநகரை விடுத்துத் தம்புள்ளைக்கு அண்மையில், நீரூற்றொன்று பொங்கும் நிலத்தைத் தமதாக்கிக்கொண்டார். தியபுபுல என்பது அதன் பெயர். நீர் குமிழியிடும் இடம் என்பது பொருள். அங்கே தடாகமும், சுவரில்லாக் குடிலும் அமைத்து, சூழவும் மரங்களை வளரவிட்டார். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்நிலம் வனமாயிற்று. வனத்தினிடையே அவரது சிற்பங்கள் நின்றன. எது நட்டது, எது தானே முளைத்தது, எது செய்தது என்று பிரித்தறியவியலாத அந்நிலத்தையே அவரது மிகப் பெரிய ஆக்கம் என்று கூறினும் மிகையாகாது.

கண்டலம ஏரிக்கரையிலே பாறையோடு ஒட்டிக் கட்டப்பட்ட ஹோட்டலில் இவர் செய்த பேராந்தை ஒன்று சிறகு விரித்து நிற்கின்றது. ஆந்தை எம்மவரிடையே நற்சகுனமாகக் கொள்ளப்படும் பறவையன்று. லயத்துக் கூரையின்மேல் அதன் குரல் கேட்பின் விளக்கைத் தூண்டிவிட்டு இறைவனை நினைப்பவர் இன்றும் உளர். இவரோ அதனைச் சகுனமாகப் பாராது உயிராகப் பார்த்தார். இருளிலும் இரை காணும் அகன்ற கண், ஒலியைத் திரட்டிச் செவிக்கு அனுப்பும் தட்டுப்போன்ற முகம், பறக்கும்போது ஓசையெழாதவாறு ஓரம் மென்மையாயமைந்த சிறகு என இவற்றையெல்லாம் பன்னாட் பார்த்திருந்தவனே அவ்வாறு செய்யமுடியும். அஞ்சத்தக்கதென நாம் ஒதுக்கியதை நின்று நோக்குமாறு செய்தலும் கலையின் தொழில்களுள் ஒன்றன்றோ?

1982 இற் திறந்துவைக்கப்பட்ட ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டைப் பாராளுமன்றக் கட்டடத்தில், உறுப்பினர் அமரும் மண்டபத்தின் நடுவே தொங்கும் சரவிளக்கு இவரது ஆக்கம். பனையினத்தின் ஓலைகளே அதன் வடிவம். அரசினர் மண்டபத்திற்குச் சிங்கமும் வாளுமே உரியவை என எண்ணாது, ஏட்டுச்சுவடியைத் தந்த மரத்தினை அங்கே தொங்கவிட்டமை சிந்தித்தற்குரியது.

இவரது கையைப் பாராதவர் இந்நாட்டில் ஒருகாலத்தில் எவருமிலர் என்பதையும் இங்கே கூறவேண்டும். 1979 ஆம் ஆண்டு மத்திய வங்கி வெளியிட்ட நாணயத் தாள்களின் சித்திரங்களை வரைந்தவர் இவரே. அதற்குமுன் வழங்கிய தாள்களிற் பிரதமர் பண்டாரநாயக்கவின் உருவமும், பொலன்னறுவைச் சிலையின் உருவமும் இருந்தன. 1979 ஆம் ஆண்டுத் தாள்களிலோ தலைவர் எவரது உருவமும் இல்லை. மீனும், பறவையும், வண்ணத்துப்பூச்சியும், ஓணானினமும், காட்டுமலரும் அவ்விடத்தைப் பெற்றன. சம்பள நாளில் எமது அன்னையர் விரல் நனைத்து எண்ணிய தாளில் இருந்த பறவை எவ்வரசனுக்கும் உரியதன்று. இம்மலைகளில் அவர்களோடு வாழ்ந்த பறவை. சித்திரக்காரர் பெயரை அறியாமலே அவரது சித்திரத்தை முந்தானையில் முடிந்து வைத்தவர் எம்மவர்.

ரந்தெனிவெலப் போர்

இனி ஊவாவுக்கு வருவோம். 1630 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா பெரும்படையுடன் எமது மலைகளிலேறிப் பதுளையைப் புகுந்தெரித்தான். கண்டி அரசன் செனரத்தின் படை அவனை எதிர்கொள்ளாது விலகி நின்று, திரும்பும் வழியில் மறித்தது. தளபதியின் படையிலே பெருந்தொகையினர் இந்நாட்டு லஸ்கரின் வீரர். அவர்தம் முதலிமார் தருணம் பார்த்துக் கண்டியரோடு சேர்ந்தனர். வானமும் பொழிந்தது. மழையில் நனைந்த வெடிமருந்து பயன்படவில்லை. வெல்லவாயவுக்கு அண்மையிலுள்ளதெனக் கூறப்படும் ரந்தெனிவெலவில் ஆகஸ்ட் 25 ஆம் நாள் த சா வீழ்ந்தான். அவன் படையும் அழிந்தது. புதுருவகலவின் அமைதியான ஏழு திருவுருவங்களுக்குச் சில காததூரத்திலேயே இக்கொடும்போர் நிகழ்ந்தது என்பதை எண்ணும்போது உள்ளம் ஒருகணம் நிற்கின்றது.

இப்போரையே லக்கி சேனநாயக்க காலி நகரின் கடலோரத்திலே ஜெப்ரி பாவா அமைத்து 1997 இற் திறக்கப்பட்ட லைற்ஹவுஸ் ஹோட்டலிற் சிற்பமாக்கினார். அதன் அமைப்பே புதுமையானது. போர்ச் சிற்பமென்றாற் பீடத்தின்மேல் வீரன் நிற்பான். நாம் கீழே நின்று அண்ணாந்து பார்ப்போம். இங்கோ சுழன்றேறும் படிக்கட்டே போர்க்களம். இருதரத்து வீரரும் வாளும் வேலும் ஏந்தி அதனைச் சூழ்ந்து சுழல்கின்றனர். ஏறுபவர் அவர்களிடையேதான் ஏறவேண்டும். ஓரடி வைக்கும்தோறும் காட்சி மாறுகின்றது. முன்னர் வென்றவனாய்த் தோன்றியவன் அடுத்த படியில் வீழ்பவனாய்த் தோன்றுகின்றான். போரைத் தூரத்திலிருந்து பார்க்கும் வசதியைச் சிற்பி எமக்கு அளிக்கவில்லை.

சரித்திர நூலிற் பத்து வரியில் முடியும் செய்தி இவ்வாறு கண்முன் சுழல்வதைக் காண்கையில் ஓர் எண்ணம் எழுகின்றது. எரிந்தது எமது பதுளை. மழை பெய்தது எமது மலையில். போர் நிகழ்ந்தது எமது மாகாணத்தில். அதனை நினைவுகூரும் பெருஞ்சிற்பமோ தென்கடலோரத்திலே, விருந்தினர் தங்கும் விடுதியொன்றில் உள்ளது. இதனைக் குறையாகக் கூறவில்லை. சிற்பியை அழைத்தவர் அங்கேயிருந்தனர். ஆதலின் சிற்பமும் அங்கே எழுந்தது. அழைப்பார் இருந்தாலன்றிக் கலை ஓரிடத்திற் தங்காது என்பதற்கே இதனைக் கூறினோம்.

உலகிற் பிறரும் உளர்

ஆசானின்றிப் பயின்ற சிற்பிகள் பிற நாடுகளிலும் தோன்றியுள்ளனர். பிரான்சு நாட்டிலே பெர்டினண்ட் ஷெவால் என்னும் தபாற்காரர் நாடோறும் நடந்து கடிதம் கொடுக்கும் வழியிற் கிடந்த கற்களைப் பொறுக்கி, 1879 முதல் 1912 வரை 33 ஆண்டுகள் தனியொருவராய் மாளிகையொன்றை எழுப்பினார். அயலவர் அவரைப் பித்தர் என்றனர். 1969 இல் அந்நாட்டரசு அம்மாளிகையைப் பாதுகாக்கவேண்டிய கலைச்செல்வமாக அறிவித்தது.

எமக்கு இன்னும் அணுக்கமானவர் சண்டிகாரின் நேக் சந்த். 1924 இற் பிறந்த இவரது கிராமம் 1947 ஆம் ஆண்டுப் பிரிவினையிற் பாகிஸ்தானுக்குட் சென்றது. ஊரையிழந்து வந்தவருக்குப் பொதுவேலைத் திணைக்களத்திற் தெருப் பரிசோதகர் பதவி கிடைத்தது. புதிய நகரை அமைப்பதற்காக இடிக்கப்பட்ட பழைய கிராமங்களின் உடைந்த ஓடும், பீங்கானும், கண்ணாடி வளையல்களும் குவிந்து கிடக்கக் கண்டார். பகலில் அரசாங்க வேலை. மாலையில் வனத்தினுள்ளே எவருமறியாது சிற்பவேலை. 1957 இற் தொடங்கியதை அதிகாரிகள் அறிந்தபோது ஏறக்குறைய 15 ஆண்டுகள் கழிந்திருந்தன. அரச நிலத்தில் அனுமதியின்றிச் செய்தவை என்பதால் இடித்துத் தள்ளியிருக்கலாம்; ஆனால், 1976 இல் அதனைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டனர். 2015 இல் அவர் மறையும்போது அக்கற்றோட்டம் உலகறிந்த இடமாயிருந்தது. வேரோடு பெயர்க்கப்பட்டவன், பிறர் எறிந்த உடைசலைக்கொண்டு தனக்கோர் ஊரைச் செய்துகொண்டான் என்பதே அத்தோட்டத்தின் பொருள். கடல்கடந்து வந்த மூதாதையரின் வழியினரான எமக்கு இதனை விளக்கிக் கூறவேண்டியதில்லை.

தானே பயிலுதல் என்பது யாது?

இம்மூவரையும் ஒருங்குவைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். தானே பயின்றவனுக்கு ஆசானே இல்லையென்பது தவறு. பட்டம் பெற்ற ஆசான் இல்லை, அவ்வளவே. அவனுக்கு மூன்று ஆசான்கள் உளர். முதலாவது தொழில். தபாற்காரரின் நடையும், தெருப் பரிசோதகரின் வண்டியும், லக்கியின் வரைபலகையும் அன்றாடம் கண்ணையும் கையையும் பழக்கின. இரண்டாவது பொருள். கல்லும் உலோகமும் பொய்யை ஏற்பதில்லை. தகட்டைத் தவறாக வளைத்தால் அது முறிந்து தன் மறுப்பைத் தெரிவிக்கும். மூன்றாவது, மதித்து வேலையை ஒப்படைக்கும் ஒருவர். ஷெவாலுக்கு இம்மூன்றாவது ஆசான் வாழ்நாளின் பெரும்பகுதியிலும் கிடைத்திலர். லக்கிக்கு இளமையிலேயே கிடைத்தார். பாவா அவரிடம் சான்றிதழ் கேட்கவில்லை. மயிலும் ஆந்தையும் மரமும் கேட்டார். ஆற்றலுடையோர் பலரிருக்க ஒருசிலர் மட்டுமே கலைஞராய் வெளிப்படுவதன் காரணம் பெரும்பாலும் இம்மூன்றாவது ஆசானே.

இங்கே எமது நினைவிலுள்ள சிறு நிகழ்ச்சியொன்றைக் கூறுதல் பொருந்தும். எம்முடன் பயின்றானொருவன் தோட்டத்திலிருந்து நாடோறும் நடந்து வருவான். கணக்கிற் பின்தங்கியவன், கரும்பலகையின் கீழ்க் கிடக்கும் சுண்ணத்துண்டுகளை மட்டும் தவறாது பொறுக்குவான். கொம்பாசின் கூர்முனையால் அவற்றைச் செதுக்குவான். ஒருநாள் அவன் செதுக்கியது, தலையிற் கயிறு மாட்டி முதுகிற் கூடை தொங்க நிற்கும் கொழுந்துப் பெண்ணொருத்தி. கூடையின் பாரத்திற்கேற்ப அவளது கழுத்து முன்சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வை எந்தப் புத்தகமும் அவனுக்குக் காட்டியதில்லை. “யார் இது?” என்று கேட்டோம். “எங்கள் அம்மா” என்றான். நாம் நகைத்தோம். அவன் அதனைத் திரும்ப வாங்காது சென்றுவிட்டான். எம்முள் ஒருவரது கேத்திரகணிதப் பெட்டியில் அது நெடுநாட் கிடந்து, தேய்ந்து, ஈற்றிற் தூளாயிற்று. பரீட்சைக்கு முன்னரே அவன் கல்லூரியை விட்டுக் கொழும்பிற் கடையொன்றில் வேலைக்குச் சென்றான் என்பதற்கு மேல் அவனைப்பற்றி நாம் எதனையும் அறியோம்.

அவனை எவரும் அடிக்கவில்லை, விலக்கவுமில்லை. அவன் கையிலிருந்ததை இன்னதென்று கண்டுகொள்ள எம்முள் எவருமில்லை, குறை அவ்வளவே. ஆனால், அவ்வளவே போதியதாயிற்று.

எமது மலைகளில் எழுதப்படாதவை

அப்புத்தளைக்கு மேலே தம்பேத்தன்னைத் தோட்டத்தைக் கடந்து லிப்டன் இருக்கைக்குச் செல்வோர், தோட்டத்துக்குரிய துரைமகனார் ஆசனத்தில் அமர்ந்திருக்கும் உருவச்சிலையைக் காண்பர். பதுளைப் புனித மார்க் ஆலயத்தில் 1845 ஆம் ஆண்டு இடிவிழுந்து இறந்த மேஜர் றொஜர்சின் நினைவுக்கல் உண்டு. அவரவர் நினைவை அவரவரைச் சார்ந்தோர் காத்தனர், இதிற் தவறேதுமில்லை. காடழித்துப் பாதை வெட்டியவரையும், தெமோதரைக் கணவாய்களில் இருப்புப்பாதைக்குக் கல் சுமந்தவரையும், பனியிற் பெரட்டுக்கு நின்றவரையும் நினைவுறுத்தும் உருவங்களைச் செய்யவேண்டியவர் அவரைச் சார்ந்த நாமன்றோ?

1823 ஆம் ஆண்டிலிருந்து கணக்கிட்டு, மலையகத் தமிழர் வரவின் இருநூறாம் ஆண்டு 2023 இல் நினைவுகூரப்பட்டது. மூதாதையர் நடந்த வழியிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தும் சென்றனர். 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. இவற்றையெல்லாம் எம்மவர் பாடலிலும் கதையிலும் கூறியுள்ளனர். மண்ணிலும் மரத்திலும் உலோகத்திலும் கூறுவார் போதியவளவு தோன்றினாரில்லை. பொருளுக்குப் பஞ்சமில்லை. பிடுங்கியெறியப்படும் முதிய தேயிலைச் செடியின் தூரைப் பாருங்கள். பல்லாண்டு கவ்வாத்துப்பட்டுப் பட்டு, முறுகி, முடிச்சிட்டு, மேலோங்க விடப்படாமற் பக்கமெல்லாம் பரந்த மரம் அது. அதற்கு மேசைக்கால் செய்யும் கைவினைஞர் உளர். அதன் முறுகலில் ஒரு மக்களின் சரித்திரத்தையே காணும் கண்ணும் ஒருநாள் தோன்றும் என நம்புகின்றோம்.

லக்கி சேனநாயக்கவின் கலையை நாம் பின்பற்றவேண்டுமென்பதற்காக இதனை எழுதவில்லை. அவரது பனையும் ஆந்தையும் அவர் பார்த்தவை. எமது பிள்ளைகள் பார்ப்பவை வேறு. அவரிடமிருந்து கற்கவேண்டியது ஒன்றே: தான் வாழும் இடத்தை நெடுநேரம் பார்க்கும் பொறுமையும், பார்த்ததைக் கையினாற் கூறும் துணிவும் உடையவனுக்குச் சான்றிதழின்மை தடையாகாது, ஆனால், அவனை இனங்கண்டு வேலை கொடுப்பார் இல்லாமை தடையாகும்.

ஆதலின், விழாக் கொண்டாடும் எமது பழைய மாணவருக்கு ஒரு சிறு விண்ணப்பம். கட்டடங்களுக்கும் பரிசில்களுக்கும் பொருளளிக்கும் அன்பர்கள், கல்லூரியின் ஒரு மூலையிலே நீண்ட மேசையொன்றுக்கும் உதவுவாராக. அதன்மேல் நான்கு உளிகளும், ஒரு சுத்தியலும், ஒரு கூடைக் களிமண்ணும், தோட்டத்திலிருந்து கொணர்ந்த தேயிலைத் தூர்கள் சிலவும் இருந்தாற் போதும். பாடத்திட்டம் வேண்டாம், புள்ளி வேண்டாம். பள்ளி விட்டபின் ஒருமணி நேரம் அக்கதவு திறந்திருக்கட்டும். செய்தவற்றை ஆண்டுக்கொருமுறை பிரார்த்தனை மண்டபத்தில் வைத்து, செய்தவன் பெயரையும் எழுதிவைக்கட்டும். புதுருவகலவின் சிற்பிக்குக் கிடைக்காத பேறு அது.

துரோணர் ஏகலைவனிடம் கேட்டது பெருவிரலை. நாம் எவரிடமும் அவ்வாறு கேட்டதில்லையென்று ஆறுதலடைய முடியாது. பயன்படாமற் கிடக்கும் பெருவிரலும் இழந்த பெருவிரலே. சுண்ணத்திற் தாயைச் செதுக்கிய கையைப்போல் இன்னொரு கை இன்று எமது கல்லூரியின் ஏதோவொரு வகுப்பில், பின்வரிசையில் இருத்தல் கூடும். இம்முறை நாம் நகையாதிருப்போமாக.